எங்கே இருக்கிறோமோ அங்கேயே கால்கோள்

புதிய கல்வியாண்டு பிறக்கும்போது எமது பாடசாலைகளில் கால்கோள் விழா நடைபெறுகின்றது. வாசலில் வாழை கட்டித் தோரணம் தொங்கவிடுவார்கள். தரம் 2 பிள்ளைகள் வரிசையாக நின்று, தரம் 1க்கு வரும் தம்பி தங்கைமாருக்கு மாலையோ பூவோ கொடுத்து, கைபிடித்து வகுப்பறைக்கு அழைத்துச் செல்வார்கள். சில பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போவார்கள். சில பிள்ளைகள் தாயின் சேலைத் தலைப்பை விடாமல் அழுவார்கள். கால்கோள் என்றால் தொடக்கம். பந்தல் போடுகிறவர்கள் முதற் காலை நாட்டுவதுபோல, ஒரு பிள்ளையின் படிப்புக்கு அன்று முதற் கால் நாட்டப்படுகின்றது.

சொந்தக் காணியில், சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு அது மகிழ்ச்சியான நாள். இடம்பெயர்ந்து உறவினர் வளவிலோ, மாதிரிக் கிராமத்திலோ, கூலி வேலை கிடைத்த ஊரிலோ தங்கியிருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு அதே நாள் ஒரு கேள்வியையும் கொண்டு வருகின்றது: நிற்க நிலம் இல்லாதபோது காலை எங்கே நாட்டுவது? பிள்ளையை ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்று நாம் கேட்கும்போதெல்லாம், "ஊருக்குப் போனபிறகு சேர்ப்பம் சுவாமி" என்ற பதில் பல வீடுகளிலிருந்து வந்திருக்கின்றது. இப்பதிலில் உள்ள வேதனை எமக்கு விளங்குகின்றது. தற்காலிக இடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால், திரும்பிப் போகும் நம்பிக்கையைக் கைவிட்டதாகிவிடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். ஆயினும் நாம் இங்கு சொல்ல விரும்புவது ஒன்றே: பிள்ளையின் முதலாம் தரம் காத்திருக்காது. இன்று எங்கே இருக்கிறோமோ அங்கேயே கால்கோள் நடக்கட்டும்.

வன்னி கண்ட தொடக்கங்கள்

இது வெறும் புத்திமதி அல்ல. வன்னி மண் தன் அனுபவத்தால் கற்றுத்தந்த பாடம்.

1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வன்னியில் காடு வெட்டிக் குடியேறின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேறினர். அவர்களுள் பலர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996இன் நடுப்பகுதியில் தொடங்கிய சண்டையால் கிளிநொச்சி நகர மக்களும் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, துணுக்காய் என்று சிதறினர். அந்நாட்களில் பாடசாலைகளும் மக்களோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தன. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலை, பிற்பகலில் இன்னொரு பாடசாலை. கட்டடம் கிடைக்காத இடத்தில் கிடுகுக் கொட்டில், கொட்டிலும் இல்லாத இடத்தில் மரநிழல். மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டால் ஜாம் போத்தலில் திரி வைத்த விளக்கின் அருகே பிள்ளைகள் ஆனா ஆவன்னா எழுதினார்கள். அன்று மரநிழலில் எழுத்துத் தொடங்கியவர்களுள் பலர் இன்று ஆசிரியர்களாகவும், தாதியராகவும், அலுவலர்களாகவும் இருக்கின்றனர். அவர்களின் பெற்றோர் நிலைமை சீராகும்வரை காத்திருக்கவில்லை.

அடுத்த தலைமுறைக்கு அந்த மரநிழலும் கிடைக்கவில்லை. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குச் சென்றது. சண்டைப் பகுதிகளில் அந்த ஜனவரியில் எந்தக் கால்கோள் விழாவும் நடக்கவில்லை. 2003ஆம் ஆண்டிற் பிறந்து, தரம் 1க்குப் போகவேண்டியிருந்த பிள்ளைகள் பதுங்கு குழிகளில் இருந்தனர். அவ்வாண்டு மே மாதம் போர் முடிந்தபின் ஏறத்தாழ 280,000 பேர் வவுனியா மெனிக் பாம் முதலிய முகாம்களில் வைக்கப்பட்டனர். முகாமுக்குள்ளேயே தறப்பாள் கொட்டில்களில் வகுப்புகள் தொடங்கின. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையையும், உயர்தரப் பரீட்சையையும் பிள்ளைகள் முகாமுக்குள் இருந்தே எழுதினர்.

மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனால் கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவுக் குடும்பங்கள் தம் காணிக்குப் போகவில்லை. சீனியாமோட்டையில் இறக்கப்பட்டனர். காணி கேட்டு 2017இல் அவ்வூர் மக்கள் வீதியோரத்தில் இருந்து போராடியதை நாம் எல்லோரும் அறிவோம். இப்போது ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 2009இல் 5 வயதான பிள்ளைக்கு 2012இல் 8 வயது, 2017இல் 13 வயது. காணி திரும்பக் கிடைக்கும் நாள் எம் கையில் இல்லை. அந்த நாளோடு பிள்ளையின் படிப்பைக் கட்டிவைத்தால், காணியோடு படிப்பையும் இழக்க நேரிடும். காணிக்காகப் போராடுவதும் பிள்ளையைச் சேர்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையே நாளை காணி உறுதியை வாசித்து, அதற்காக வாதாடும்.

பிந்திச் சேர்வதன் விலை

ஒரு வருடம்தானே, பிறகு பார்க்கலாம் என்று நினைக்கிறோம். விதைப்புப் பிந்தினால் என்னவாகும் என்பது விவசாயிக்குத் தெரியாததல்ல. பயிர் முளைக்கும், ஆனால் மழைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு வயதில் முதன்முறையாக வகுப்புக்கு வரும் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு இருக்க வெட்கப்படும். தன் வயதுப் பிள்ளைகளோடு இருத்தினால் கரும்பலகையில் இருப்பது விளங்காது. இரண்டு பக்கமும் தலைகுனிவு. அப்பிள்ளை முதலில் ஒருநாள் நிற்கும், பின்பு ஒரு கிழமை நிற்கும், பின்பு வராமலே விடும். போரின் பின்னர் தவறிய வகுப்புகளை ஈடுசெய்யத் துரித கற்றல் வகுப்புகள் நடத்தப்பட்டன. அவை பலருக்குக் கைகொடுத்தன. எனினும் முதற் படியிலேயே விடுபட்ட பிள்ளையை மீண்டும் ஏற்றிவிடுவது எல்லாவற்றிலும் கடினமான வேலை.

சட்டமும் பத்திரங்களும்

இந்நாட்டில் 1945ஆம் ஆண்டு முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல்களும், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. 5 வயது முதல் 14 வயதுவரை கல்வி கட்டாயம் என்ற விதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்ந்தது. அதே 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட உள்ளக இடம்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகள், இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் இலவசமான, கட்டாயமான ஆரம்பக் கல்வி கிடைக்கவேண்டும் என்று கூறுகின்றன. ஆகவே பாடசாலை வாசலில் நிற்கும்போது நீங்கள் தயவு கேட்டு நிற்கவில்லை. உரிமையோடு நிற்கிறீர்கள்.

ஜனவரி 31ஆம் திகதியன்று 5 வயது நிறைந்திருக்கவேண்டும் என்பதே தரம் 1க்கான வயதுக் கணக்கு. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். பிறப்பே பதியப்படாதிருந்தால் காலங்கடந்து பதிவு செய்யவும் வழி உண்டு. கிராம அலுவலரிடம் கேட்டு இன்றே தொடங்குங்கள். பத்திரம் கைக்கு வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காமல், அதிபரை நேரிற் சந்தித்து நிலைமையைச் சொல்லுங்கள். அங்கு தீராவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகத் தயங்கினால் மாதர் சங்கத்திலிருந்தோ கமக்காரர் அமைப்பிலிருந்தோ ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். தாய் வெளிநாட்டில் இருக்க, பேத்தியாரோடு வளரும் பிள்ளைகளும் எம்மிடையே உள்ளனர். பாதுகாவலர் என்ற முறையில் பேத்தியாரும் பிள்ளையைச் சேர்க்கலாம்.

கொரோனாக் காலத்தின் பின் கல்வியாண்டு பிந்திப்போனதும் நினைவிருக்கும். 2022இல் அது ஏப்ரலிலும், 2023இல் மார்ச் இறுதியிலும் தொடங்கியது. 2025இல்தான் மீண்டும் ஜனவரிக்கு வந்தது. ஆகையால் பழைய நினைப்பில் இராமல், தொடங்கும் திகதியை முன்கூட்டியே பாடசாலையில் விசாரித்துக்கொள்வது நல்லது.

முதல் வாரங்களில் நடப்பது

"பள்ளிக்கூடத்திலை விளையாட்டுத்தான் காட்டுகினம், எழுத்துப் படிப்பிக்கேல்லை" என்று சில பெற்றோர் குறைப்படுகின்றனர். 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றையும் சேர்த்தே சிறு வகுப்புகளை ஒழுங்குபடுத்தியது. தரம் 1இன் முதல் வாரங்களில் ஆசிரியர் பிள்ளையை இனங்காண முயல்வார். பிள்ளை எப்படிப் பேசுகிறது, பென்சிலை எப்படிப் பிடிக்கிறது, மற்றப் பிள்ளைகளோடு சேர்கிறதா, கண்ணும் காதும் சரியாக உள்ளனவா என்று கவனிப்பார். கற்களை எண்ணுவதும், இலைகளைத் தரம்பிரிப்பதும், பாட்டுக்குக் கைதட்டுவதும் வீண்பொழுது அல்ல. உழாமல் விதைத்த நிலத்தில் முளை சீராக வருமா? இது உழவு.

இடம்பெயர்ந்த பிள்ளைக்கு இந்த வாரங்கள் இன்னும் முக்கியமானவை. முன்பள்ளிக்குப் போகாத பிள்ளை, சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே ஒளியும் பிள்ளை, அப்பா எங்கே என்று கேட்டால் பேசாமல் நிற்கும் பிள்ளை ஆகியோரை ஆசிரியர் அறிந்துகொள்வது அப்போதுதான். எனவே வீட்டு நிலைமையை மறைக்காமல் வகுப்பாசிரியரிடம் தனியே சொல்லுங்கள். முதல் மாதத்திலேயே புலமைப்பரிசிலைப் பற்றிப் பேசிப் பிள்ளையை மிரட்டவேண்டாம்.

அறுவடையும் வகுப்பறையும்

காலபோக வெட்டும் புதிய வகுப்பும் ஒரே காலத்தில் வருவது எமது விவசாயக் குடும்பங்களுக்குரிய தனிச் சிக்கல். தாயும் தகப்பனும் விடிய முன்பே வயலுக்குப் போய்விட்டால் பிள்ளையை வெளிக்கிடுத்துவது யார்? கைக்குழந்தையைப் பார்ப்பது யார்? பெரும்பாலும் அந்த வேலை மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுகின்றது. அவளுடைய வரவும் அதனாற் குறைகின்றது. இதனைத் தனிக் குடும்பமாகத் தீர்ப்பது கடினம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் தீர்க்கலாம். எமது ஆலோசனைகள் இவை:

1. அறுவடை நாட்களில் முறை வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டார் அயலிலுள்ள சிறு பிள்ளைகள் எல்லோரையும் பாடசாலைக்குக் கூட்டிச் சென்று கூட்டிவரட்டும். யானை நடமாட்டமுள்ள பாதைகளில் இது உயிர்ப் பாதுகாப்பும் ஆகும்.

2. கைக்குழந்தைகளை ஒரு வீட்டில் சேர்த்து, வயது போன ஒருவர் பொறுப்பில் விடலாம். பெண்பிள்ளையின் படிப்பு அதனால் தடைப்படாது.

3. காலையில் வெறுவயிற்றோடு அனுப்பவேண்டாம். ஒரு பிடி பழஞ்சோறேனும் கொடுத்து அனுப்புங்கள்.

4. புதுச் சப்பாத்து, புதுப் பை இல்லை என்பதற்காகப் பிள்ளையை மறிக்கவேண்டாம். அக்காவின் பையும் அண்ணாவின் அடிமட்டமும் போதும். 2025 தொடக்கத்தில் அஸ்வெசும பெறும் குடும்பங்களின் மாணவருக்குக் கொப்பி முதலியவை வாங்க 6,000 ரூபா வழங்கப்பட்டது. இத்தகைய உதவிகள் பற்றி அதிபரிடம் ஒவ்வோராண்டும் விசாரியுங்கள்.

5. மீண்டும் இடம்மாற நேர்ந்தால், புறப்படுமுன் விடுகைப் பத்திரத்தைப் பெற்று, பிறப்புச் சான்றிதழோடு மழை படாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரவேற்கும் ஊருக்கும் ஒரு வார்த்தை

கால்கோள் விழா பிள்ளைகளுக்கானது. ஐந்து வயதுப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, பேச்சாளர் ஒருவர்பின் ஒருவராகப் பேசும் விழா அவர்களுக்குப் பயத்தையே கொடுக்கும். விழாவுக்கென்று பணம் கேட்டால், கொடுக்க இயலாத தாய் அன்று பிள்ளையோடு வீட்டில் நின்றுவிடுவாள். ஒரு பூவும், ஒரு பாட்டும், தண்ணீரும், பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியரும் போதும்.

அத்துடன், "அகதிப் பிள்ளை", "முகாம் பிள்ளை" என்ற சொற்கள் வகுப்பறைக்குள் வரக்கூடாது. பிள்ளைகள் அவற்றைத் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. எமது திண்ணைகளிலும் கிணற்றடிகளிலும் கேட்டே எடுத்துச் செல்கின்றனர். வாங்கில் இடம் குறைவென்றால் நெருங்கி இருக்கலாம். கொப்பி இல்லாத பிள்ளைக்கு ஒற்றை கிழித்துக் கொடுக்கலாம். ஒரு பிள்ளை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். குற்றம் பிடிப்பதற்காக அல்ல, என்ன தடை என்று அறிந்து அதை நீக்குவதற்காக.

பெற்றோரே, காணி ஒருநாள் கிடைக்கலாம், பிந்தலாம். அதற்கான முயற்சியை நாம் விடப்போவதில்லை. இதற்கிடையில் உங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது ஒருமுறைதான் வரும். அயலில் இன்னும் சேராத பிள்ளை ஒன்று இருந்தால், உங்கள் பிள்ளையின் கையோடு அதன் கையையும் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். வகுப்பறையில் இருவருக்கும் இடம் உண்டு.