முதல் வரிக்கு முன்னால்

நூலகம் ஒன்றின் இரவல் கணக்கைப் பராமரிக்கும் வலைச் செயலி எவ்வாறு அமைய வேண்டும் என்று சென்ற வாரம் தாளில் வரைந்து பார்த்தோம். வரைந்த கையோடு செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் திறந்து, "இதைச் செய்து கொடு" என்று கட்டளையிடும் ஆவல் எழுவது சகஜமே. ஆயினும், நூற்றுக்கணக்கான வரிகளைச் சில நிமிஷங்களில் எழுதிவிடும் சாமர்த்தியம் படைத்த அக்கருவி, நம் உத்தேசத்தைத் தானாக அறியவல்லதன்று என்பதையும், நேற்றைய உரையாடலில் சொன்ன விஷயம் இன்றைய புதிய உரையாடலில் பொதுவாக அதன் ஞாபகத்தில் இராது என்பதையும் சிந்தித்தால், முதலில் செயலிக்கான ஃபோல்டரைச் சித்தம் செய்வதே பிரதான காரியம் என்பது விளங்கும்.

லினக்ஸ் கெர்னலின் மாறுதல்களைப் பேணுவதற்காக லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் உருவாக்கிய கிட், ஒரே வேண்டுகோளுக்குப் பல ஃபைல்களைத் திருத்திவிடும் இக்கருவிகளோடு உழைப்பவருக்கு முன்னிலும் அவசியமாகிவிட்டது. வேலை தொடங்குமுன் ஒரு கமிட், அதாவது அப்போதைய நிலையின் பதிவு. முடிந்தபின் மாறுதல்களைக் காட்டும் டிஃப்பை வரிவரியாக வாசித்து, திருப்தியானால் மற்றொன்று.

அடுத்தது குறிப்பு ஃபைல். கிளாட் கோடு 'கிளாட்.எம்டி' என்பதையும், வேறு பல கருவிகள் 'ஏஜென்ட்ஸ்.எம்டி' என்பதையும் தொடக்கத்திலேயே வாசித்துக்கொள்கின்றன. "நேர்த்தியாக எழுது" என்ற உபதேசத்தால் அங்கே யாதொரு பிரயோஜனமுமில்லை. எந்த நோட்.ஜேஎஸ் பதிப்பு, செயலியை ஓட்டும் கட்டளை யாது, ஒவ்வொரு மாறுதலுக்குப் பின்னும் 'என்பிஎம் டெஸ்ட்' ஓட வேண்டும், ஏற்கெனவே ஓடி முடிந்த மைக்ரேஷன் ஃபைல்களைத் தொடலாகாது என்பன போன்ற ஸ்பஷ்டமான விதிகளே பயன் தரும். ஒரே சமயத்தில் கருவி கவனத்தில் கொள்ளக்கூடிய எழுத்துக்கு எல்லை உண்டாதலால், இந்த ஃபைல் சுருக்கமாயிருப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் ஏபிஐ கீயும் இருக்கும் 'என்வ்' ஃபைலை 'கிட்இக்னோர்' பட்டியலில் முதல் கமிட்டுக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். ஏனெனில், ஒருமுறை கமிட்டான ரகசியம், பிற்பாடு ஃபைலை அழித்தாலும் பழைய கமிட்டுகளில் நிலைத்திருக்குமாதலால், அந்தக் கீயையே ரத்து செய்து புதிதாகப் பெறுவதன்றி மார்க்கமில்லை. அப்பட்டியல் கிட்டைத் தடுக்குமேயன்றி, ஃபோல்டருக்குள் உலவும் கருவி அந்த ஃபைலை வாசிப்பதைத் தடுக்கும் என்று நம்புவதற்கில்லை. ஆகவே அங்கே சோதனைக்கான கீ மட்டுமே இருக்கட்டும்.

கருவி புதிய பேக்கேஜ் ஒன்றைச் சேர்க்கும்போது, அப்படியொன்று மெய்யாகவே உள்ளதா என்று பார்த்துக்கொள்வதும் நலம். இல்லாத பெயர்களை அது கற்பிப்பதுண்டு, அத்தகைய பெயர்களில் தீய பேக்கேஜ்களைப் பதிவுசெய்து காத்திருப்பது துஷ்டர்களுக்கு எளிது.

எஞ்சியிருப்பது டெஸ்ட். அஃதில்லாத புராஜெக்டில் கருவி தன் பிழையைக் கண்டுகொள்வது துர்லபம். இருந்தாலோ, நிரலைத் திருத்துவதற்குப் பதிலாக டெஸ்டையே தளர்த்தி வெற்றி காட்டிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆதலின், தவணை கடந்த புத்தகத்தின் அபராதத்தைக் கணக்கிடும் பகுதிக்கு முதல் டெஸ்டை நாமே நம் கையால் எழுதி, அதைக் கமிட் செய்தபின், அடுத்த வாரம் கருவியிடம் வேலையை ஒப்படைப்போம்.