போன் ஸ்கிரீன் இன்னும் பெரிதாக வேண்டுமா? இன்ச் கணக்கு சொல்லாத கதை

சாயங்காலம் ஆறரை மணி. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் பிஎம்டிசி பஸ்ஸில் நிற்கிறீர்கள். ஒரு கை மேல் கம்பியில், தோளில் லேப்டாப் பேக். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கை, அதில்தான் போன். டீம் குரூப்பில் வந்த மெசேஜைப் பார்த்துவிட்டு பின்னால் போக வேண்டும். அம்புக்குறி இடது மேல் மூலையில் இருக்கிறது. கட்டை விரல் எட்டவில்லை. போனை உள்ளங்கையில் கொஞ்சம் நழுவவிட்டு, மேலே தள்ளி, எட்டிப் பிடிக்கப் பார்க்கும்போது டிரைவர் பிரேக் போடுகிறார். மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

அன்று இரவே ஊரிலிருந்து அம்மா போன் பண்ணுகிறார். "இதுல எழுத்தே தெரிய மாட்டேங்குதுப்பா, இதைவிடப் பெரிய போனா ஒண்ணு வாங்கிக் குடேன்."

உங்களுக்குப் போன் பெரிசு. அம்மாவுக்குச் சின்னது. ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். அப்படியென்றால் ஸ்கிரீன் இன்னும் பெரிதாக வேண்டுமா, வேண்டாமா? இதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்வதற்கு முன், கடைக்காரர் சொல்லும் 'இன்ச்' என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இன்ச் எதை அளக்கிறது?

6.5 இன்ச், 6.7 இன்ச் என்று பெட்டியில் போட்டிருப்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையிலான குறுக்களவு. அது அகலமும் இல்லை, உயரமும் இல்லை. திரையின் வடிவம் மாறினால், அதே இன்ச்சுக்கு அகலமும் உயரமும் வேறு வேறாக வரும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தை வைத்து நான்கு போன்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:

- 2007, முதல் ஐபோன் (3.5 இன்ச்): திரை அகலம் 4.9 செ.மீ., உயரம் 7.4 செ.மீ. போனின் மொத்த அகலம் 61 மி.மீ.
- 2011, சாம்சங் கேலக்ஸி நோட் (5.3 இன்ச்): திரை அகலம் 7.1 செ.மீ., உயரம் 11.4 செ.மீ. போனின் அகலம் 83 மி.மீ.
- 2014, ஐபோன் 6 பிளஸ் (5.5 இன்ச்): திரை அகலம் 6.8 செ.மீ., உயரம் 12.2 செ.மீ. போனின் அகலம் 77.8 மி.மீ.
- 2024, ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் (6.9 இன்ச்): திரை அகலம் 7.3 செ.மீ., உயரம் 15.9 செ.மீ. போனின் அகலம் 77.6 மி.மீ.

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். பத்து வருஷத்தில் குறுக்களவு 1.4 இன்ச் கூடியிருக்கிறது. திரையின் உயரம் 3.7 செ.மீ. கூடியிருக்கிறது. அகலம் கூடியது அரை செ.மீ. மட்டும். போனின் அகலமோ கூடவே இல்லை, 0.2 மி.மீ. குறைந்திருக்கிறது. மேலும் கீழும் இருந்த பட்டையையும் ஹோம் பட்டனையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைத் திரைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே கதைதான். 20:9 விகிதத்தில் வரும் 6.5 இன்ச் திரையின் அகலம், பழைய 16:9 விகித 5.5 இன்ச் திரையைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவு. 'ஒரு இன்ச் பெரிசு' என்று காசு கொடுத்து வாங்கியது, உண்மையில் ஒரு நீளமான போன்.

அதனால என்ன? பெரிசு பெரிசுதானே?

எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செய்தி படிக்க, சாட்டில் மேலும் கீழும் போக, கீபோர்டு திறந்திருக்கும்போதும் மேலே நாலு வரி தெரிய, நீளம் நன்றாக உதவும்.

ஆனால் பெரிய போன் வாங்கும்போது பலர் சொல்லும் காரணம் வீடியோ. யூடியூபில் பெரும்பாலான வீடியோக்கள் 16:9 வடிவம். போனைப் படுக்க வைத்துப் பார்த்தால், நீளமான திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். 6 பிளஸையும் 16 ப்ரோ மேக்ஸையும் ஒப்பிட்டால் திரையின் பரப்பு சுமார் 40 சதவீதம் கூடியிருக்கிறது. அதில் அந்த வீடியோவுக்குக் கிடைத்த பரப்பு சுமார் 15 சதவீதம் மட்டுமே கூடியிருக்கிறது.

அகலம் ஏன் நின்றுவிட்டது?

கை வளரவில்லை, அதனால்தான்.

2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ், கைக்குள் அடங்காத பெரிய போனை யாரும் வாங்க மாட்டார்கள் என்ற பொருளில் பேசினார். அடுத்த ஆண்டே வந்த கேலக்ஸி நோட்டைப் பலர் கிண்டல் செய்தார்கள். ஆனால் மக்கள் வாங்கினார்கள். 2014-ல் ஆப்பிளே 5.5 இன்ச்சுக்கு வந்துவிட்டது. ஜாப்ஸ் கணிப்பு தப்பு என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் பாதிதான் தப்பு. 83 மி.மீ. அகலத்தில் ஆரம்பித்த பெரிய போன்கள் பிறகு 78 மி.மீ. பக்கம் வந்து நின்றுவிட்டன. கைக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு போகவில்லை. அதற்குப் பயந்துதான் போன் மேல்நோக்கி வளர்ந்தது.

ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர், பொது இடங்களில் மக்கள் போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று 1,333 பேரைக் கவனித்து 2013-ல் எழுதினார். அதில் திரையைத் தொட்டுப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையில் பிடித்து அதே கையின் கட்டை விரலால் இயக்கினார்கள். இப்போதைய போன்களில் கட்டை விரலுக்கு எட்டாத பகுதி மேல் பாதியில்தான் அதிகம். அதனால் மென்பொருள் கீழே இறங்கி வர வேண்டியதாயிற்று. ஐபோனின் சஃபாரியில் முகவரிப் பட்டை 2021-ல் கீழே வந்தது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் மேலே இருந்த டேப்கள் 2024-ல் கீழே வந்தன. இன்னும் மேல் மூலையிலேயே பட்டன் வைத்திருக்கும் ஆப்கள்தான் பஸ்ஸில் உங்கள் கையை முறுக்குகின்றன.

அகலம் உண்மையிலேயே வேண்டும் என்றால் ஒரு வழிதான் இருக்கிறது: மடக்குவது. 2019-ல் வந்த கேலக்ஸி ஃபோல்டு முதல் இன்றைய மடக்கு போன்கள் வரை விற்பது அகலத்தைத்தான். அதற்கு எவ்வளவு விலை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கை என்றால் யாருடைய கை?

இந்தக் கணக்கில் எல்லாக் கையும் ஒன்று இல்லை. பெண்களின் கை சராசரியாக ஆண்களின் கையைவிடச் சிறியது. சமூகவியல் ஆய்வாளர் ஜெய்னெப் துஃபெக்சி 2013-லேயே இதை எழுதினார். இஸ்தான்புல் போராட்டத்தில் கண்ணீர்ப் புகைக்கு நடுவில், தன் பெரிய போனை ஒரு கையில் பிடித்துப் படமெடுக்க முடியவில்லை என்பது அவர் அனுபவம்.

அடுத்தது பாக்கெட். 2018-ல் 'தி புட்டிங்' என்ற தரவு இதழியல் தளம் 80 ஜீன்ஸ்களை அளந்து பார்த்தது. பெண்களின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. அது அமெரிக்கக் கணக்கு. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தொங்கும் குர்த்திகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பாக்கெட்டே இருக்காது.

2023 ஜூன் 11 முதல் கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்கள் சாதாரண அரசுப் பேருந்துகளில் இலவசமாகப் போகிறார்கள். கூட்டமான பஸ்ஸில் ஒரு கையில் கம்பி, மறு கையில் போன், வைக்க பாக்கெட் இல்லை என்ற நிலை அவர்களுக்குத் தினசரி விஷயம். போன் கையிலேயே இருந்தாக வேண்டும். முதல் ஐபோனின் எடை 135 கிராம், 16 ப்ரோ மேக்ஸ் 227 கிராம்.

அப்போ சின்ன போன் வாங்கிக்கலாமே?

வாங்கலாம், விற்றால். ஆப்பிள் 2020-லும் 2021-லும் 5.4 இன்ச் மினி போன்களை விற்றுப் பார்த்தது. 2022-ல் புது மினி எதுவும் விடாமல் 6.7 இன்ச் பிளஸைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டில், அதுவும் 15,000 ரூபாய்க்குள், கைக்கு அடக்கமான புதுப் போன் தேடினால் கை வலிக்கும்.

இதற்கு விற்பனை மட்டும் காரணம் இல்லை. கேமரா, 5ஜி ஆன்டெனா, சிப் எல்லாம் சின்ன போனுக்கும் வேண்டும். அவை எடுத்தது போக மிச்ச இடம்தான் பேட்டரிக்கு. ஐபோன் 12 மினியில் 2,227 எம்ஏஎச் பேட்டரி, அதே ஆண்டின் 12 ப்ரோ மேக்ஸில் 3,687. பெரிய போன் வாங்குகிறவர்களில் பலர் வாங்குவது பெரிய பேட்டரியை. கூடவே பெரிய ஸ்கிரீன் வருகிறது.

ஆனால் இந்தியாவுக்குப் பெரிய ஸ்கிரீன் ஆடம்பரமா?

இல்லை. இதைப் படிக்கும் உங்களிடம் அநேகமாக ஒரு லேப்டாப் இருக்கும். 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கணினி இருந்த வீடுகள் 10.7 சதவீதம். கிராமங்களில் 4.4 சதவீதம். 2016-ல் ஜியோ வந்த பிறகு இணையத்துக்குள் நுழைந்த பெரும்பாலானோருக்குப் போன்தான் டிவி, கணினி, வங்கிக் கிளை எல்லாமே. 2020 ஊரடங்கில் அதுவே வகுப்பறையாகவும் ஆனது. ஒரு பிள்ளை 3.5 இன்ச்சில் கணக்குப் பாடம் படிக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.

அதனால் 'சின்னதே அழகு' என்று சொல்வதில், வேறு ஒரு பெரிய ஸ்கிரீன் வீட்டில் இருப்பவரின் வசதியும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

அம்மாவின் பிரச்சினை என்ன?

அம்மாவுக்கு வேண்டியது பெரிய ஸ்கிரீன் இல்லை, பெரிய எழுத்து. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் நாம் தப்புப் பண்ணுகிறோம்.

நாற்பதைத் தாண்டியதும் வருவது வெள்ளெழுத்து. உலக சுகாதார நிறுவனத்தின 2019 அறிக்கைப்படி, சரியான கண்ணாடி இல்லாமல் வெள்ளெழுத்தோடு இருப்பவர்கள் உலகில் 82 கோடிக்கு மேல். இவர்கள் 6.1 இன்ச்சிலிருந்து 6.7 இன்ச்சுக்கு மாறினால் எழுத்து பெரிதாகக் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. கூடிய இடத்தில் மேலும் சில வரிகள்தான் வரும்.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. சிவாஜிநகரில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் கன்னடம், உருது, தமிழ் மூன்று பெயர்ப்பலகைகளையும் பார்த்துவிடலாம். கன்னடம் ஒத்தெழுத்தைக் கீழே அடுக்கும். உருது சரிந்து இறங்கும். தமிழ் பக்கவாட்டில் நீளும். 'பரிவர்த்தனை தோல்வியடைந்தது' என்பதை எண்ணினால் 15 எழுத்துதான். ஆங்கிலத்தில் 'டிரான்சாக்ஷன் ஃபெயில்டு' என்பதற்கு 17 எழுத்து. ஆனால் 'தோ' என்ற ஒரே எழுத்து மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும், 'னை' இரண்டு. பட்டனுக்குள் ஆங்கிலம் அடங்கும், தமிழ் வெட்டுப்படும். தமிழுக்கு வேண்டியது அகலம். பத்து வருஷமாக வளராமல் நிற்பதும் அகலம்தான்.

சரி, எழுத்தையாவது பெரிதாக்கலாமே? முடியும். 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14 எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கவிடுகிறது. ஐபோனிலும் உண்டு. தடுமாறுவது ஆப்கள். எங்கள் வீட்டுப் போன் ஒன்றில் எழுத்தைப் பெரிதாக்கியதும், ஒரு வங்கி ஆப்பில் 'உறுதி செய்' பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது. கீழே தள்ளவும் வழியில்லை. பணம் அனுப்ப எழுத்தைச் சின்னதாக்க வேண்டும், படிக்கப் பெரிதாக்க வேண்டும்.

எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் உள்ளடக்கமும் வசதிகளும் கெடக்கூடாது என்பது இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டுதலில் ஏற்கெனவே இருக்கும் விதி. இங்கேயும், 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் கேஒய்சி தொடர்பாக மாற்றுத்திறனாளிகள் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லியிருக்கிறது.

இப்போ நீங்க என்ன பண்ணலாம்?

- அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கும் முன்: செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் எழுத்து அளவை ஒரு படி, டிஸ்ப்ளே அளவை ஒரு படி கூட்டிப் பாருங்கள். வங்கி ஆப், யுபிஐ, வாட்ஸ்அப் மூன்றையும் திறந்து சோதியுங்கள். கண் பரிசோதனையும் ஒரு தடவை.
- உங்களுக்கு வாங்கும்போது: இன்ச்சைக் கேட்காதீர்கள், போனின் அகலத்தையும் எடையையும் கேளுங்கள். கடையில் ஒரே கையில் பிடித்து, கட்டை விரல் எதிர் மேல் மூலைக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். கவர் போட்டால் இன்னும் சில மி.மீ. கூடும்.
- கையில் இருப்பது பெரிசு என்றால்: ஆண்ட்ராய்டு 12 முதல் 'ஒன் ஹேண்டட் மோடு' உண்டு. ஐபோனில் 'ரீச்சபிலிட்டி' 2014-லிருந்தே இருக்கிறது. மேல் பகுதியைக் கீழே இழுத்துக் கொடுக்கும்.
- ஆப் செய்யும் வேலையில் இருந்தால்: பெங்களூரில் இதைப் படிக்கும் பலர் அந்த வேலையில்தான் இருப்பீர்கள். அடுத்த ரிலீஸுக்கு முன் போனைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தை 200 சதவீதம் வைத்து, ஒரு தடவை பணம் அனுப்பிப் பாருங்கள்.

கடைசியா, பதில் என்ன?

ஸ்கிரீன் இன்னும் பெரிதாக வேண்டியதில்லை. கை தாங்கும் அகலத்துக்கு அது எப்போதோ வந்துவிட்டது. இதற்கு மேல் கூடும் ஒவ்வொரு இன்ச்சும் பெரும்பாலும் எட்டாத உயரத்தில்தான் சேரும். பெரிதாக வேண்டியது எழுத்து, அதைத் தாங்கும்படி மாற வேண்டியது ஆப். சின்னக் கை உள்ளவருக்கும், பாக்கெட் இல்லாதவருக்கும் கடையில் ஒரு சின்ன போனாவது இருக்க வேண்டும்.

இந்த வாரம் ஊருக்குப் போனால், அம்மாவின் போனை ஐந்து நிமிஷம் வாங்கி அந்த செட்டிங்ஸை மாற்றிக் கொடுங்கள். புதுப் போன் செலவு மிச்சமாகலாம்.