டைனோசர்கள் எத்தனை 'வகை'? புள்ளியியல் சொல்வதும் சொல்லாததும்

உயிரினங்கள் தனித்தனி வகைகளாகப் படைக்கப்பட்டன; ஒரு வகைக்குள் மாற்றம் வரலாம், ஆனால் ஒரு வகை இன்னொன்றாக மாறாது. படைப்புவாதிகளின் இந்த நம்பிக்கையில் ஒவ்வொரு வகைக்கும் பெயர் 'பாராமின்'. 1941இல் அமெரிக்கரான ஃபிராங்க் மார்ஷ் உருவாக்கிய சொல் அது. 1998இல் இதற்கென ஒரு புள்ளியியல் முறையும் வந்தது. அதை வைத்து டைனோசர்களையும் வகை பிரிக்கிறார்கள். கிராஃப், கோரிலேஷன் எல்லாம் இருக்கிறது. அப்படியென்றால் நம்பலாமா?

கணக்கு எப்படி?

பல், இடுப்பெலும்பு போன்ற பண்புகளில் இரண்டு விலங்குகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று முதலில் எண்ணுகிறார்கள். பிறகு அந்த வேறுபாடுகளுக்கு இடையே கோரிலேஷன் பார்க்கிறார்கள். பாசிட்டிவ் என்றால் ஒரே வகை. நெகட்டிவ் என்றால் வேறு வகை.

சிக்கல் எங்கே?

கொச்சி மட்டாஞ்சேரியின் மசாலா கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கருமிளகு, வெள்ளை மிளகு, பப்பாளி விதை மூன்றையும் நிறம், அளவு, சுருக்கம் வைத்துப் பிரித்தால், கருமிளகும் பப்பாளி விதையும் ஒரே கூட்டத்தில் சேரும். கலப்படக்காரர்களுக்கு வசதியே அதுதானே! வெள்ளை மிளகு தனியாகிவிடும். ஆனால் இரண்டு மிளகும் ஒரே கொடியில் காய்ப்பவை. தோல் நீக்கினால் வெள்ளை. கணக்கில் தப்பில்லை, தேர்ந்தெடுத்த பண்புகளில்தான் தப்பு.

சோதித்தபோது என்ன ஆச்சு?

அமெரிக்க உயிரியலாளர் ஃபில் சென்டர், படைப்புவாதிகளின் முறைகளையே டைனோசர்கள் மீது பயன்படுத்தி 2010, 2011இல் இரண்டு கட்டுரைகள் எழுதினார். பெரும்பாலான குழுக்களுக்கு நடுவே இடைவெளி இல்லை, தொடர்ச்சிதான் தெரிகிறது என்றார். படைப்புவாத ஆய்வாளர் டாட் வுட் அதே இதழில் அதை மறுத்தார். இருவரின் முடிவும் வேறு.

நம்ம ஊர் உதாரணம்

அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசரஸ், 1980களின் பிற்பகுதியில் மாமிச உண்ணியாக அறிவிக்கப்பட்டது. பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிக் குழுவுக்கு மாற்றப்பட்டது. கிடைத்தது சில எலும்புகளே. அவையும் பின்னர் நொறுங்கிவிட்டன. இன்று மிஞ்சியிருப்பது படங்களும் குறிப்புகளும்தான். அட்டவணையில் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தால் எந்த ஃபார்முலாவும் காப்பாற்றாது. படிமம் திருத்தப்பட்டது, காரணம் எலும்பின் வடிவத்தை மறுபடி பார்த்ததுதான்.

அடுத்த முறை 'புள்ளியியல் நிரூபித்துவிட்டது' என்று யாராவது ஃபார்வர்ட் செய்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பண்புகளை எடுத்தார்கள்? எதை விட்டார்கள்? முடிவு வேறாக வந்திருந்தால் தங்கள் கருத்தை மாற்றியிருப்பார்களா?

மூன்றாவதுக்கு 'இல்லை' என்றால், அந்த கிராஃப் நம்பிக்கைக்குப் போட்ட அலங்காரம்தான்.