எழுதினால் தெளியும் உள்ளம்

எழுத்து என்றவுடன் மாணவர் நினைவிற்கு வருவன இரண்டு. ஒன்று தேர்வுத்தாள், மற்றொன்று கவிஞர்தம் நூல். முன்னது மதிப்பெண்ணுக்காக எழுதப்படுவது. பின்னது பிறவியிலேயே ஆற்றல் பெற்றோர்க்கு மட்டும் உரியதெனக் கருதப்படுவது. இவ்விரண்டிற்கும் இடையே, எளிய மனிதன் தன் உள்ளத்தைத் தானே அறிந்துகொள்ளும் பொருட்டு எழுதும் எழுத்தும் ஒன்று உண்டு. தமிழ் கற்பிக்கும் பணியோடு மாணவர்க்கு ஆலோசனை கூறும் பொறுப்பையும் சில ஆண்டுகளாக ஏற்றுவரும் நாம், அவ்வெழுத்தைப் பற்றி அறிந்தவற்றை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாம் இழைத்த பிழை

ஆலோசனை நாடி வரும் மாணவர் பலர் முதல்நாள் பேசுவதில்லை. "ஒன்றுமில்லை சார்" என்பதே பெரும்பாலும் விடையாக அமையும். சில ஆண்டுகட்கு முன் ஒரு மாணவர் இவ்வாறே நெடுநேரம் வாளாவிருந்தார். பேச இயலாவிடின் எழுதித் தருமாறு கூறினோம். மறுநாள் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொணர்ந்தார். தம் குடும்பத்தில் நேர்ந்த ஓர் இழப்பைப் பற்றி எழுதியிருந்தார். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஈண்டு விரித்தல் தகாது.

நாம் செய்தது யாது? நெடுநாட் பழக்கத்தால் கை சிவப்பு மைப் பேனாவை நாடிற்று. விடுபட்ட வல்லொற்றுகளை இட்டோம். லகர ளகர மயக்கங்களைத் திருத்தினோம். அதன் பின்னரே அவர் முகத்தை நோக்கினோம். அவர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், நன்றி கூறிச் சென்றார், மீண்டும் வரவில்லை. பட்டம் பெற்றுச் சென்றும் விட்டார். ஒருவருடைய துயரத்தை விடைத்தாளாக நாம் கருதிவிட்டோம் என்னும் உறுத்தல் மட்டும் இன்றளவும் அகலவில்லை. எழுத்தைப் பற்றி மேலும் கற்க நம்மைத் தூண்டியதும் அவ்வுறுத்தலே.

ஆய்வு கூறுவது

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பாருடன் இணைந்து 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர் 46 பேர், தொடர்ந்து 4 நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினர். சிலர் சாதாரணச் செய்திகளை எழுதினர். சிலர் தம் வாழ்வில் நேர்ந்த துன்ப நிகழ்ச்சியை மட்டும் எழுதினர். சிலர் உணர்ச்சியை மட்டும் கொட்டினர். சிலர் நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் இணைத்து எழுதினர். எழுதிய நாள்களில் இவ்விறுதிக் குழுவினர் மனம் கனத்தே இருந்தனர். ஆயினும் பின்வந்த ஆறு மாதங்களில் நோயுற்று மருத்துவ நிலையத்தை நாடியது அவர்களிடத்தே குறைந்து காணப்பட்டது.

1997-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, தமிழாசிரியராகிய நமக்குச் சிறப்பாக இன்பம் பயப்பது. எழுதியோரின் சொற்களை எண்ணி நோக்கியபோது, நாள்தோறும் காரணம் காட்டும் சொற்களும், 'உணர்ந்தேன்', 'புரிந்துகொண்டேன்' போன்ற சொற்களும் மிகுந்து வந்தோரே பெரும்பயன் எய்தினர் எனத் தெரிந்தது. வெறும் புலம்பல் போதாது. 'ஆகையால்', 'ஏனெனில்' என்னும் சொற்கள் சிதறிக் கிடந்த நிகழ்ச்சிகளைக் கோவையாக்கும்போதே உள்ளம் தெளிகிறது. இலக்கண வகுப்பில் நாம் மனப்பாடம் செய்விக்கும் சிறு சொற்களுக்கு இத்துணை ஆற்றலா என வியந்தோம்.

எனினும் மிகைப்படுத்தல் ஆகாது. 2006-இல் 146 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பயன் உண்டு, ஆனால் அதன் அளவு சிறிதே என்பது தெரியவந்தது. எழுத்து மருத்துவத்திற்கு மாற்றன்று. உறக்கமும் உணவும் இழந்தவரையும், உயிரை வெறுத்துப் பேசுபவரையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே கடமை.

இமாம் கஸ்ஸாலி காட்டிய வழி

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கொரு சான்று உண்டு. பக்தாதின் நிஸாமிய்யாக் கலாசாலையில் 1091 முதல் பேராசிரியராய்ப் புகழுடன் விளங்கியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). 1095-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு திங்கள் அவர் உள்ளம் பெரும் போராட்டத்தில் ஆழ்ந்தது. பாடம் சொல்ல நா எழவில்லை; உணவும் செல்லவில்லை; மருத்துவரும் கைவிட்டனர். பதவியைத் துறந்து வெளியேறிய அப்பெருமகனார், பின்னாளில் 'அல்முன்கிது மினள்ளலால்' என்னும் நூலில் அந்நிலையை ஒளிக்காமல் எழுதினார். ஊரறிந்த அறிஞர் தம் தளர்ச்சியை எழுத நாணவில்லை எனின், பதினெட்டு வயது மாணவர் நாணவேண்டுவது ஏன்?

மறைந்த கடிதங்கள்

முன்னர் நம் இல்லங்களில் இவ்வெழுத்திற்கு இடம் இருந்தது. 1970-களிலும் 80-களிலும் சபர் சென்ற கணவருக்குத் தாய்மார் எழுதிய கடிதங்களை முதியோர் நினைவுகூர்வர். மேலே 786, பின் ஸலாம், பின் நலம் விசாரிப்பு, அதன்பின் வீட்டுச் செலவு, பிள்ளையின் காய்ச்சல், மாமியார் சொல். விடை வர வாரங்கள் ஆகும். அதனால் எதை எழுதுவது, எதை விடுப்பது என எண்ணிப் பார்க்கும் அவகாசம் கிடைத்தது. எழுதி முடிக்கையில் சினத்தில் பாதி தணிந்திருக்கும்.

இன்று கைப்பேசியில் முகம் கண்டு நாள்தோறும் பேசுகிறோம். பிரிவின் துயரைக் குறைத்த இவ்வசதியைக் குறைகூறுதல் நன்றியன்று. ஆனால் வந்த செய்திக்கு மறுமொழி அனுப்பியே நாள் கழிகிறது. எவருக்கும் அனுப்பாத, தனக்கென எழுதும் ஒரு வரி இல்லாமற் போயிற்று.

துயரம் இலக்கியமாதல்

தன்னுள்ளத்தை எழுதினால் பிறர் அறிந்துவிடுவரே எனச் சிலர் அஞ்சுவர். இதற்கு நம் முன்னோர் வழி கண்டனர். அகத்திணைப் பாடல்களில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியர் காட்டும் மரபு. பெயர் நீங்கியதும் ஒருவரின் துன்பம் எல்லோருக்கும் உரியதாயிற்று. 'நான்' என எழுதத் தயங்கும் மாணவர் 'ஒருவன்' என எழுதலாம். படைப்பாற்றல் என்பது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எழுதும் முறை

ஒரு நோட்டுப்புத்தகம் போதும். மஃரிபுக்குப் பின்போ, இரவு உறங்குமுன்போ 15 நிமிடம் ஒதுக்குக. பிழை நோக்காது எழுதுக. நடந்தது யாது, அப்போது உள்ளம் என்ன பாடுபட்டது, ஏன் என்னும் மூன்றையும் எழுதுக. எழுத எழுதத் துயரம் மிகுமாயின் நிறுத்திவிடுக. எழுதியதை எவருக்கும் காட்டவேண்டுவதில்லை, கிழித்தெறியினும் குற்றமில்லை. பிள்ளையின் நோட்டை இரகசியமாகப் புரட்டாதிருத்தல் பெற்றோர்க்குரிய கடமை.

திருக்குர்ஆனின் 68-ஆம் அத்தியாயம் 'எழுதுகோல்' என்றே பெயர் பெற்றுள்ளது. அத்துணைச் சிறப்புடைய எழுதுகோலை நம் பிள்ளைகள் தேர்வறையில் மட்டுமே ஏந்துவது பெருங்குறை. இப்போது ஆலோசனை வேளையில் நம் மேசைமீது சிவப்புப் பேனா இருப்பதில்லை. எழுதிக் கொணரும் மாணவரை முதலில் அமரச் செய்கிறோம், முகத்தை நோக்குகிறோம், பின்னரே தாளைப் படிக்கிறோம். வல்லொற்றை வகுப்பில் கற்பித்துக்கொள்ளலாம். தெளிந்த உள்ளத்தையும் தெளிந்த எழுத்தையும் நம் மாணவச் செல்வங்கட்கு இறைவன் அருள்வானாக!