நீரின் மாசகற்றும் களிமண்

கலங்கிய நீரைத் தெளிவிப்பதற்குத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து வைப்பது முன்னோர் கண்ட முறையாகும். அம்முறையில் நீரைவிட்டு அகலும் பொருள் நுண்ணிய களிமண்ணே. அதே களிமண், தக்கவாறு பக்குவப்படுத்தப்படுமாயின், நீரிற் கரைந்துள்ள நஞ்சுகளை அழிப்பதற்கும் உதவும் என்பதை இரசாயன ஆராய்ச்சி நிறுவியுள்ளது.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. பூச்சிநாசினியும் களைகொல்லியும் நீரிற் கரைந்தபின் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கப்படும் நீரும், வீட்டில் உலை வைக்கும் நீரும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களில் தங்கியுள்ள ஒரே நிலநீரிலிருந்தே பெறப்படுகின்றன. தோட்டத்திற் சிந்தியது கிணற்றை அடைவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. ஆதலால் நீரைத் தூய்மையாக்கும் முறைகளையும் அவற்றின் எல்லைகளையும் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

களிமண்ணின் அமைப்பு

மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியில் வயல் செய்வோர், மாரியில் ஊதிப் பருத்துக் கோடையில் ஆழமாக வெடிக்கும் களிமண்ணை நன்கறிவர். இவ்வாறு பருக்கும் களிமண்ணிற் பெரும்பாலும் காணப்படுவது மொன்மொரிலனைற்று என்னும் கனிப்பொருளாகும். இது சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் ஆகியவற்றாலான மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பெற்றது. ஓர் ஏட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்களவினதே. நீர் ஏடுகளுக்கிடையே புகும்போது மண் பருக்கின்றது. நீர் வற்றும்போது வெடிக்கின்றது. ஒரு கிராம் மொன்மொரிலனைற்றில் அடங்கிய ஏடுகளின் இரு புறங்களையும் கணக்கிட்டால் அவற்றின் பரப்பு 700 சதுர மீற்றருக்குக் குறையாது. ஆறு கிராமின் பரப்பு ஓர் ஏக்கருக்குச் சமமாகும்.

இவ்வேடுகள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் நேர்மின்னேற்றமுடைய அயன்களைக் கவர்ந்து வைத்திருக்கும். இவ்வியல்பை முதலில் ஆராய்ந்தவர்கள் பசளையைப் பற்றிச் சிந்தித்தவர்களே. இங்கிலாந்தின் யோக்சயரைச் சேர்ந்த நிலக்கிழார் தொம்சன் என்பவர், அமோனியம் சல்பேற்றுக் கரைசலை மண்ணினூடாக வடித்தபோது அமோனியா மண்ணில் தங்கிவிடுவதைக் கண்டார். தோமஸ் வே என்னும் இரசாயன அறிஞர் இதனை மேலும் ஆராய்ந்து, மண் அமோனியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்தை வெளிவிடுகின்றது எனக் கண்டறிந்தார். இவ்விருவரின் முடிபுகளும் 1850 ஆம் ஆண்டில் வெளிவந்தன.

பிடித்து வைத்தலும் அழித்தலும்

இலங்கையிற் பின்னர் தடைசெய்யப்பட்ட பரகுவாற்று என்னும் களைகொல்லி நேர்மின்னேற்றமுடையது; எனவே களிமண் அதனை மிக உறுதியாகப் பற்றிக்கொள்ளும். ஆயினும் பற்றிக்கொள்ளப்பட்ட நஞ்சு அழிந்ததாகாது. அது நீரிலிருந்து மண்ணுக்கு இடம்மாறியதேயாகும். களிமண்ணின் இடமெல்லாம் நிறைந்தபின் அதனால் மேலும் பயனில்லை. அன்றியும் மின்னேற்றமற்ற நஞ்சுகள் பலவற்றை இயற்கைக் களிமண் போதியளவு பற்றுவதில்லை.

இக்குறையை நீக்குவதற்கே களிமண்ணை ஊக்கியாக மாற்றும் முறை எழுந்தது. தான் செலவாகாமல் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருளே ஊக்கி எனப்படும். 1894 ஆம் ஆண்டில் பென்ரன் என்னும் ஆங்கில அறிஞர், இரும்பு உப்பும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்தால் சேதனப் பொருள்களை வலிமையாக ஒட்சியேற்றும் என எடுத்துக்காட்டினார். அத்தாக்கத்தில் தோன்றும் ஐதரொட்சில் மூலிகம் நஞ்சின் கட்டமைப்பைத் தாக்கிச் சிதைக்கின்றது. சிதைவு முற்றுப்பெறின் சேதனப் பொருளிலுள்ள காபன் காபனீரொட்சைட்டாகவும் ஐதரசன் நீராகவும் மாறும். ஆனால் கரைந்த இரும்பைக்கொண்டு இதனைச் செய்ய நீர் மிகுந்த அமிலத்தன்மை உடையதாய் இருத்தல் வேண்டும். முடிவில் இரும்புச் சேறும் பெருமளவிற் படியும்.

இரும்பைக் களிமண்ணில் நிலைநிறுத்தினால் இத்தொல்லை குறைகின்றது. இரும்பு அல்லது அலுமினியச் சேர்வைகளை ஏடுகளுக்கிடையே புகுத்தி, களிமண்ணை உலர்த்தி, 300 முதல் 500 சதம பாகை வரையில் சூடாக்குவர். அப்போது அச்சேர்வைகள் ஒட்சைட்டுத் தூண்களாக இறுகி, பந்தற்கால்கள் கூரையைத் தாங்குவதுபோல ஏடுகளை விலக்கித் தாங்கி நிற்கும். பின்னர் அக்களிமண் நீரிற் பருப்பதுமில்லை, உலரும்போது ஒடுங்குவதுமில்லை. தூண்களுக்கிடையே நஞ்சும் பேரொட்சைட்டும் சென்று இரும்பை அடைகின்றன. வேலை முடிந்ததும் களிமண்ணை வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். சாயத் தொழிற்சாலைக் கழிவு, பீனோல் கலந்த கழிவு, பீடைநாசினி எச்சம் ஆகியவற்றில் இம்முறை சோதிக்கப்பட்டுள்ளது.

முறையின் எல்லைகள்

இது மேற்பார்வையுடன் கழிவுநீர்த் தொட்டியிற் செய்யப்படவேண்டிய வேலை. வீட்டுக் கிணற்றிற் செய்யத்தக்கதன்று. தாக்கம் இடையில் நின்றுவிடின் முதலில் இருந்ததைவிடக் கொடிய இடைப்பொருள்களும் தோன்றக்கூடும். களிமண்ணிலுள்ள இரும்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறுவதும் உண்டு.

மேலும், பசளையிலிருந்து கிணற்றுக்கு வரும் நைத்திரேற்றை இம்முறை அகற்றாது. நைத்திரேற்று எதிர்மின்னேற்றமுடையது, களிமண்ணும் அத்தகையதே. எனவே அது தங்காமல் நீரோடு இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்கு மேற்பட்ட நீர், புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைக்கும். நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று குறையாது. நீர் ஆவியாகுமளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். உவர்த்தன்மையும் இவ்வூக்கியால் நீங்காது.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

1. தெளிகருவியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ குளத்திலோ கழுவுதல் கூடாது.

2. வெறுமையான மருந்துப் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, மருந்து தெளித்த அதே பயிருக்குத் தெளித்துவிடுக.

3. மருந்துப் போத்தலை எக்காரணத்தாலும் நீரோ எண்ணெயோ வைக்கப் பயன்படுத்தலாகாது.

4. யூரியாவை ஒரே முறையில் இடாது, சிபாரிசு செய்யப்பட்ட அளவிற் பகுதி பகுதியாக இடுக. பெருமழைக்கு முன் இடுதலைத் தவிர்க்க.

5. சாதாரண களிமண்ணையோ பேரொட்சைட்டையோ கிணற்றில் இட்டுப் பரிசோதித்தல் ஆகாது.

6. கிணற்றுநீரைப் பற்றி ஐயமுண்டாயின், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திற் பரிசோதிப்பிக்க. மருந்து, பசளை ஆகியவற்றின் அளவை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

நிலநீரிற் கலந்துவிட்ட நஞ்சைப் பிரித்தெடுப்பது அரிதும் செலவு மிக்கதுமாகும். அது கிணற்றைச் சேராமற் காப்பதோ ஒவ்வொரு கமக்காரரின் கையிலும் உள்ளது.