கொக்கிப்புழுவும் கருவுற்ற தாயும்

மாணவர்களே! வடசேரிச் சந்தைக்கு வரும் வாழைக்குலைகளைப் பார்க்கிறோம். அவை விளைந்த மண்ணைப் பார்ப்பதில்லை. நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் பொருந்திய தோட்ட மண் மனித மலத்தால் மாசுபடுமாயின், கொக்கிப்புழுவின் குஞ்சுகள் அங்கே செழித்து வளரும்.

இப்புழு வாய்வழியே உடலுள் புகுவதென்று முன்னர்க் கருதினர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், எகிப்தில் ஆராய்ச்சி செய்துவந்த லூஸ் என்னும் ஜெர்மானியரின் கைமீது புழுக்குஞ்சுகள் கலந்த நீர் சிந்தியது. தோல் சிவந்து அரித்தது. சில வாரங்களுக்குப்பின் அவர் மலத்திலேயே புழுமுட்டைகள் காணப்பட்டன. புழு தோலைத் துளைத்து, குருதியோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பெற்றுக் குடலில் தங்குகிறது. விந்தையான பயணந்தான்!

ஒரு புழுவால் நாளொன்றுக்கு இழக்கும் குருதி ஒரு துளியோ சில துளிகளோதான். நல்லுணவு உண்ணும் இளைஞன் அதனைப் பொருட்படுத்தான். வெறுங்காலோடு தோட்டவேலை செய்யும் கருவுற்ற பெண்ணுக்கோ, வயிற்றுப் பிள்ளைக்கும் இரும்புச்சத்து வேண்டும். நூற்றுக்கணக்கான புழுக்கள் இருப்பின் இரத்தசோகை முற்றும், மூச்சு வாங்கும், இதயம் தளரும். பேற்றின்போது பிறர் தாங்கும் குருதிப்போக்கை அவள் தாங்கமாட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது இயல்பென்பர் நம் ஆச்சிமார். எல்லா வீக்கமும் இயல்பன்று.

1920-களில், இவ்வூர் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், அவ்வரசு ராக்பெல்லர் அறநிலையத்தின் துணையோடு இப்புழுவை எதிர்த்தது. மருந்து புழுவை வெளியேற்றும். ஆனால் கழிப்பிடம் இல்லாத ஊரில் வெறுங்கால் அதனை மீண்டும் ஏற்கும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. கருவுற்றோர் முதல் மூன்று மாதங்களில் அதனை உண்ணலாகாது. பின்னர் மருத்துவர் சொற்படி உண்ணலாம். அத்துடன் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். புழு நீங்கியதனால் மட்டும் இழந்த குருதி விரைவில் ஊறிவிடாது.