குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கிக் கூண்டுகள்



1945ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்காவின் பி-29 விமானங்கள், வங்காளத்தின் கரக்பூர் வட்டாரத்திலிருந்து பறந்து வந்து கோலாலம்பூரைத் தாக்கின. அன்று நகரம் ஜப்பானியர் கையில் இருந்தது. நம்மவர் பலர் வேலை பார்த்த ரயில்வே பட்டறைகளும் தண்டவாளங்களுமே குறி. ஆனால் மார்ச் 10ஆம் நாள் பிரிக்பீல்ட்ஸ் அருகில் இருந்த சிலாங்கூர் அரும்பொருளகமும் குண்டுக்கு இரையாயிற்று.

அதே ஆண்டில் பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் விமானங்களும் மலாயா வானில் பறந்தன. எதிரி விமானத்தை விரட்ட இரண்டு வகையிலும் சுழலும் துப்பாக்கிக் கூண்டுகள் உண்டு. 'டரட்' என்பார்கள். ஆனால் அவற்றின் அமைப்பு வேறு. வேறுபாடு ஒரு கேள்வியில் அடங்கும்: சுடுகிற ஆள் எங்கே உட்காருவது?

லிபரேட்டரில் ஆள் கூண்டுக்குள்ளேயே உட்காருவார். பக்கத்தில் இரண்டு துப்பாக்கிகள். கூண்டு சுழன்றால் அவரும் சேர்ந்து சுழல்வார். துப்பாக்கி பார்க்கும் திசையையே கண்ணும் பார்ப்பதால் குறி வைப்பது எளிது. ஆனால் இடமோ மிக நெருக்கம். வயிற்றுப் பகுதியில் பந்து போன்ற கூண்டு இருந்தால், அதில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடக்க வேண்டும். விமானம் தரை இறங்கும்போது அந்தக் கூண்டை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மேலே போகப் போகக் குளிரும் கூடும், காற்றும் குறையும். ஆகவே பிராணவாயுக் குழாயும் கம்பளி உடையும் இல்லாமல் முடியாது.

பி-29 விமானமோ 30,000 அடி உயரத்தில் பறக்கக் கூடியது. அங்கேயும் ஆட்கள் இருக்கும் அறைக்குள் 8,000 அடியில் உள்ள காற்றழுத்தம் இருக்கும். கேமரன் மலையைவிட உயரமான மலையில் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் கூண்டுக்குள் அந்த அழுத்தத்தைக் காப்பது கடினம். எனவே முதுகில் இரண்டு, வயிற்றில் இரண்டு என நான்கு கூண்டுகளை ஆளில்லாமல் வைத்தார்கள். சுடுபவர் அறைக்குள் கண்ணாடிக் குமிழ் வழியே பார்த்து, மின்சாரத்தால் தூரத்திலிருந்தே இயக்குவார். வால் கூண்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒருவருக்குத் தனி அறை.

இங்கே ஒரு சிக்கல். கண் ஓரிடம், துப்பாக்கி சில கஜத்துக்கு அப்பால். ஓடும் லோரியிலிருந்து, ஓடும் இன்னொரு லோரி மேல் கல் எறிவதாக எண்ணிப் பாருங்கள். அது இருக்கும் இடத்துக்கு எறிந்தால் படாது. போய்ச் சேரும் இடத்துக்கு எறிய வேண்டும். இந்தக் கணக்கையும், கண்ணுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள இடைவெளியையும் ஒரு கணக்குப் பொறி சேர்த்துப் போட்டது. ஒருவர் காயப்பட்டால் அவருடைய கூண்டை வேறொருவர் இயக்கவும் வழி இருந்தது.

ஆனால் இந்த ஏற்பாடு கனமானது. பிற்பாடு வந்த பி-29பி வகையில் வால் கூண்டை மட்டும் விட்டு, மற்றவற்றை நீக்கி எடையைக் குறைத்தார்கள்.

கூண்டு எவ்வளவு சிறப்பானாலும் அது எதிரி விமானத்துக்கு எதிரான காவல் மட்டுமே. 1945 ஆகஸ்ட் 23ஆம் நாள், போர் ஓய்ந்த பிறகு, ஒரு லிபரேட்டர் நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் விழுந்தது. அதில் இருந்த எட்டுப் பேரும் இறந்தனர். 2012இல்தான் அவர்கள் கோலாலம்பூர் செராஸ் சாலைப் போர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இடிபட்ட அரும்பொருளகம் இருந்த இடத்தில் 1963இல் தேசிய அரும்பொருளகம் எழுந்தது. பட்டணம் போகிறபோது பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.